லவெல்ஸ் பப்பில் ஒரு கிட்டார் தந்தி

"ஐயோ!"

டிம்ப்னா லவெல் அலறினாள்.

முப்பது வருடமாகப் பப் நடத்தி, குடிகாரர்களை வெளியே துரத்தியே உரம் ஏறிய தொண்டை. கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

ஆனால் அந்த அறையில் இருந்த ஒருவரும் திரும்பவில்லை!

காரணம் இருந்தது. டியூன் இன்னும் முடியவில்லை.

கில்மோரன் இசைத் திருவிழாவின் கடைசி நாள் காலை. வெளியே ஆகஸ்ட் மழை. உள்ளே மூலை மேஜையைச் சுற்றி ஃபிடில்கள், புல்லாங்குழல்கள், ஒரு அக்கார்டியன்... எல்லாம் நாலுகால் பாய்ச்சலில் ஓடிக்கொண்டிருந்தன. கிளேர் மாவட்டத்தில் பாதி டியூனில் நிறுத்துவதும் பாதிப் பூசையில் எழுந்து போவதும் ஒன்று.

"நிறுத்தித் தொலைங்கடா! அல்டன் செத்துக் கிடக்கிறான்டா!"

மாஸ்டர் ஃபாக்ட்னா மரினன் கண்களை மூடியபடியே கடைசிச் சுற்றை வாசித்தார். முடித்தார். வில்லை இறக்கினார். அப்புறம்தான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

அல்டன் குசாக்.

கண்களை மறைத்த தொப்பி. கழுத்தைச் சுற்றிக் கம்பளி மஃப்ளர். மடியில் ஆட்டுத்தோல் மேளம். விரல்களுக்கிடையில் குச்சி.

உயிர் மட்டும் இல்லை!

"எப்படிம்மா செத்திருப்பான்?" புல்லாங்குழல்காரர் திகைத்தார். "காலையிலேர்ந்து நாங்க பக்கத்துலதானே உக்காந்திருக்கோம்?"

"அவன் மேளத்தைத் தொடவே இல்லையே... அது உங்களுக்கு உறைக்கலையா?"

"உறைச்சுது. நல்ல புத்தி வந்துடுச்சுன்னு நெனச்சோம்."

"நான் பாராட்டவே செஞ்சேன்," என்றார் அக்கார்டியன்காரர் பரிதாபமாக. "'இன்னிக்கு என்னமா வாசிக்கிறே அல்டன்'னேன். அடக்கமா இருந்தான்."

அல்டனின் தாளம் கிளேர் முழுக்கப் பிரசித்தம். டியூனுக்கு முன்னால் போகும். பின்னால் போகும். கூட மட்டும் போகாது!

*

போலீஸ் சார்ஜென்ட் அட்ராக்டா ஹெனகன் மழைக்கோட்டை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள். நாற்பது வயது. நெடுநெடு உயரம். பாதித் திருவிழாவுக்கு வண்டி நிறுத்த இடம் காட்டிக் காட்டி நொந்துபோன முகம்.

வாத்தியக்காரர்களை முன்பக்கக் கூடத்துக்குத் துரத்தினாள். கதவைச் சாத்தினாள்.

டாக்டர் ஈட்டா மோலனி மஃப்ளரை மெல்ல அவிழ்த்தார்.

"அட்ராக்டா... இங்க பாரு."

கழுத்துச் சதைக்குள் புதைந்து ஒரு உலோகத் தந்தி!

"பின்னாலேர்ந்து போட்டு இழுத்திருக்கான். அப்புறம் பொறுமையா மஃப்ளரைச் சுத்தி, தொப்பியை இறக்கி, கையில குச்சியையும் சொருகிட்டுப் போயிருக்கான்."

"என்ன தந்தி இது?"

"கிட்டார் மாதிரி தெரியுது. என் தம்பி காலேஜ்ல எலக்ட்ரிக் கிட்டார் வச்சிருந்தான். வீட்டுல தலை காட்டவே விடல அவனை."

அட்ராக்டா தந்தியைப் பையில் போட்டு உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.

"இதை வேற யாரும் பார்க்கக் கூடாது டாக்டர்."

கூடத்துக்கு வந்தாள். டிம்ப்னா கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று தனக்கே விஸ்கி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அல்டன் எப்ப வந்தான்?"

"எல்லாருக்கும் முன்னால. தினமும் பின்வாசல் வழியா அவன்தான் முதல்ல வருவான். லேட்டா வந்தா மாஸ்டர் பக்கத்துல இடம் குடுக்க மாட்டானுங்களே இவனுங்க! டீ போட்டுக் குடுத்தேன். அப்புறம் மாடியில தங்கியிருக்கிற ஜெர்மன்காரங்களுக்கு சாசேஜ் பொரிக்கப் போயிட்டேன்."

"பின்வாசல்?"

"திறந்துதான் கெடந்துச்சு. திரும்பி வந்தப்ப தூங்குறான்னு நெனச்சேன்."

அட்ராக்டா எல்லோரையும் பார்த்தாள்.

"அல்டனைக் கொன்னுடுவேன்னு யாராவது எப்பவாவது சொன்னதுண்டா?"



அக்கார்டியன்காரரின் கை மெல்ல உயர்ந்தது. புல்லாங்குழல்காரரின் கை. ஃபிடில்காரர்கள். சன்னலோரம் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த பாதிரியாரின் கை!

"ஃபாதர்... நீங்களுமா?"

"போன ஈஸ்டர் பூசைக்கு வாசிக்க வந்தாம்மா," என்றார் பாதிரியார். "அதுக்கப்புறம் பாவசங்கீர்த்தனத்துல நானே போய்ச் சொல்லிட்டேன்."

மாஸ்டர் ஃபாக்ட்னா மட்டும் கையைத் தூக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத்தை நெரிச்சிருக்காங்க," என்றாள் அட்ராக்டா. "கிட்டார் தந்தியால. எலக்ட்ரிக் கிட்டார்."

கூடமே அதிர்ந்தது!

சாவுக்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லை.

"எலக்ட்ரிக்கா?" டிம்ப்னா சிலுவைக் குறி போட்டாள். "என் பப்புக்குள்ளயா? ஏசுவே, மாதாவே, சூசையப்பரே! முதல்ல அதை வெளியே எடுத்துட்டுப் போங்க. பிணம் கொஞ்ச நேரம் இருந்தாப் பரவாயில்ல!"

"எனக்குத் தெரியும்!"

வாசலில் ஒரு குரல் இடித்தது.

ஜார்லத் டூஹி. திருவிழா கமிட்டியின் சேர்மன். ட்வீட் கோட்டு. சட்டைப்பையில் கமிட்டி வில்லை. முகத்தில் நிரந்தரமாக, யாரோ ஒருவர் எதையோ தப்பாகச் சொல்லிவிட்ட வருத்தம்.

"கடலோர மைதானத்துல இன்னிக்குக் கச்சேரி வச்சிருக்கானே அந்த ஓஷின்... அவனோட வேலை! லேசராம், புகையாம்! அந்த மாதிரி ஆளுங்களை ஊருக்குள்ள விடாதீங்கன்னு கமிட்டியில தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அவனைப் பிடிச்சு உள்ள போடு அட்ராக்டா. கச்சேரியை ரத்து பண்ணு."

"விசாரிக்கிறேன் சேர்மன். வயலின்காரங்க யாரும் ஊரை விட்டுப் போகக் கூடாது."

"வயலின் இல்ல. ஃபிடில்."

"சரி. இவங்க வாசிச்ச பாட்டு முடியற வரைக்கும்..."

"பாட்டு இல்ல. டியூன். வாயால பாடினாத்தான் பாட்டு." ஜார்லத் குரலைத் தணித்தார். "இங்க பாரும்மா. மத்தியானம் மாஸ்டருக்குச் சிலை திறப்பு. மந்திரி வர்றார். டிவி வருது. அதுவரைக்கும் அல்டன் தூங்குறான்னு வச்சுக்கலாமா? காலையிலேர்ந்து யாருக்கும் வித்தியாசம் தெரியலையே?"

*

கடலோர மைதானம்.

சர்க்கஸ் கூடாரம்போல் ஒரு பிரம்மாண்டக் கூடாரம். நடுமேடையில் வெள்ளி ஜாக்கெட் போட்ட ஒரு இளைஞன் வயர்ச்சுருளைத் தலையணையாக வைத்துப் படுத்திருந்தான்.

"ஓஷின்?"

எழுந்து உட்கார்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது.

"அல்டன் அய்யாவா? ஐயோ... நேத்து ஒத்திகைக்கு வந்தாரே! என் தாள மெஷினோட கூட வாசிச்சார். கடைசியில மெஷின்தான் தாளம் தப்புதுன்னுட்டார்." சிரிக்கப் போனவனின் கண்கள் நிறைந்தன. "இந்த ஊர்ல என் கைபிடிச்சுக் குலுக்கின ஒரே மனுஷன் மேடம்."

அட்ராக்டா பையை நீட்டினாள். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது சாதாரண கிட்டார் தந்தி இல்ல. பேஸ் கிட்டார். அதுலயும் தட்டையாச் சுத்தின பழைய ரகம். எங்க தாத்தா காலத்து டான்ஸ் ஹால் பேண்டுல மாட்டியிருப்பாங்க."

"உங்க பேஸ் வாசிக்கிற ஆளைக் கூப்பிடுங்க."

"அப்படி யாரும் இல்லையே!"

"சுவரொட்டியில ஒரு கும்பலே நிக்குதே?"

"அவங்க குதிப்பாங்க."

"குதிப்பாங்களா?"

"நல்லாக் குதிப்பாங்க. வாசிக்கிறது இது." மூலையில் இருந்த லேப்டாப்பைக் காட்டினான். "ஃபிடில், பைப், மேளம், எல்லாமே இதுக்குள்ள. எங்ககிட்ட தந்தின்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கூடாரத்துல துணி காயப்போடுற கொடி!"

அட்ராக்டாவின் புருவம் உயர்ந்தது.

இந்தப் பையன்மேல் பழி போட நினைத்தவனுக்கு, நவீன இசை என்றால் எலக்ட்ரிக் கிட்டார்! இன்று அதைக்கூட யாரும் தூக்குவதில்லை என்பது தெரியாது.

வயசான ஆள்!

"ஓஷின்... ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு என் கார்ல வந்து உக்காரு."

"கைதா மேடம்?"

"இல்ல. ஆனா அப்படித் தெரியணும். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்க."

*

மாஸ்டர் ஃபாக்ட்னா வீட்டுச் சமையலறையில் இருந்தார். மேலே சிலை திறப்புக்கான புது சூட். காலில் செருப்பு. முன்னால் ஆறிப்போன டீ.

"உக்காரும்மா. நீ வருவேன்னு தெரியும்."

"நீங்க மட்டும் கையைத் தூக்கலையே மாஸ்டர்."

"எப்படித் தூக்குவேன்? நாலு நாளா அவன்கிட்ட நான் பாடம் படிச்சுக்கிட்டிருந்தேன்."

"அல்டன்கிட்டயா?"

மாஸ்டர் மெல்லத் தலையசைத்தார்.

"'தேவதைப் பாறை' டியூன் இருக்கில்ல..."

தெரியாதவர் உண்டா? மாஸ்டருக்கு உலகப் புகழ் வாங்கித் தந்த டியூன். மலையோரப் பாறையில் தேவதைகள் வாசித்ததை மாஸ்டரின் பாட்டனார் ஒளிந்திருந்து கேட்டு வந்ததாகக் கதை. பாறைக்குப் பேருந்து விடுகிறார்கள். தேவதை பொம்மை விற்கிறார்கள். சிலையின் பீடத்திலும் அதையே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

"அந்தத் தேவதைக் கதையைக் கட்டிவிட்டது ஜார்லத்து. நான் சின்ன வயசுல சைக்கிள்ல போறப்ப ஏதோ ஒரு வீட்டு ஜன்னல்லேர்ந்து காதுல விழுந்த டியூன் அது. யார் வீடுன்னுகூடத் தெரியாது. பழைய டியூன்னு நெனச்சு வாசிச்சேன்."

"யார் வீடு?"

"அல்டன் வீடு. வாசிச்சது அவன் பொண்டாட்டி ஹனோரா. இந்தத் தை மாசம் செத்துப் போனாளே... அவளே கட்டின டியூன்."

அட்ராக்டா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வெளியே வாசிக்கக் கூச்சப்படுவாளாம். 'காத்துல பறந்துபோன துணி எவன் வேலியில மாட்டினா என்ன, அவன் உடுத்திக்கட்டும்'னு சொல்லிட்டாளாம். அவ இருந்த வரைக்கும் அல்டன் வாயைத் திறக்கல. ஆனா தினமும் பப்புக்கு வந்து என் பக்கத்துல உக்காருவான். ஏன் தெரியுமா? நான் அந்த டியூனை எடுக்கிறப்ப கூட வாசிக்கணும். அவனால முடிஞ்சது அந்த மேளம் மட்டும்தான். நாங்க அவனைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தோம்..."

மாஸ்டர் டீயை ஒரு வாய் குடித்தார். ஆறிப்போனது அவருக்குத் தெரியவில்லை.

"இது அவளோடதுதான்னு எப்படி நம்பினீங்க?"

"டியூனுக்கு மூணாவது பகுதி ஒண்ணு இருக்கு. நான் கேட்டது முதல் ரெண்டுதான். சைக்கிள் தாண்டிப் போயிடுச்சு. அல்டன் இதோ இந்த நாற்காலியில உக்காந்து விசிலடிச்சுக் காட்டினான். விசில்ல தாளம் தப்பல அட்ராக்டா! ஒரு இடம்கூடத் தப்பல. முதல் ரெண்டும் எதுக்காகப் பொறந்துச்சுன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இன்னிக்குச் சிலை திறக்கிற மேடையில ரெண்டு பேருமாச் சேர்ந்து சொல்றதா இருந்தோம்."

"வேற யாருக்கு இது தெரியும்?"

"நேத்து சாயங்காலம் ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னேன். மரியாதைக்கு."

"யாரு?"

"ஜார்லத்து."

*

ஊர்ச் சதுக்கம். மழையில் குடைகளின் கடல். மேடையில் போர்வை போர்த்திய சிலை. மந்திரியின் கார் வந்துகொண்டிருந்தது.

மேடைக்குப் பின்னால் சின்னக் கூடாரம். ஜார்லத் தன் பேச்சை முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்ராக்டா நுழைந்தாள்.

"ஓஷினை உன் கார்ல பார்த்தேன்!" ஜார்லத்தின் முகம் மலர்ந்தது. "உங்கப்பாவுக்கு நீ பேர் வாங்கிக் குடுத்துட்டே அட்ராக்டா!"

"ஆமா சேர்மன். ஆனா பய கெட்டிக்காரன். இருக்கிறதுலயே மெல்லிசான தந்தியாப் பார்த்து எடுத்திருக்கான். தலைமுடி மாதிரி இருக்கு. அதான் மஃப்ளருக்கு மேல துருத்தல."

"மெல்லிசா?"

"ஆமா. கிட்டாரோட ஜி தந்தியாம்."

ஜார்லத்தின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்களே!

"ஜி இல்ல... ஈ! ஈ தந்தி! பேஸ்ல அதைவிடத் தடியானது கிடையவே கிடையா..."

சட்டென்று நிறுத்தினார்.

கூடாரத்தின் மேல் மழை கொட்டியது.

"நிறுத்திட்டீங்களே. மேல சொல்லுங்க."

"பொ... பொதுவாச் சொன்னேன்."

"தந்தியைப் பார்த்தது மூணே பேர். நான், டாக்டர், ஓஷின். பப்புல நான் சொன்னது எலக்ட்ரிக் கிட்டார்னு மட்டும்தான். பேஸ்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அட்ராக்டாவின் செல்போன் அலறியது. காதில் வைத்தாள்.

"சொல்லுய்யா... ம்... அப்படியா? சரி."

அணைத்தாள்.

"உங்க வீட்டுலேர்ந்து. எங்க ஆளுங்க கேட்டதும் உங்க மனைவி பூட்டி வச்சிருந்த பெரிய அலமாரியைத் திறந்து காட்டிட்டாங்களாம். உள்ள பழைய பேஸ் கிட்டார் ஒண்ணு. தடியான தந்தியை மட்டும் காணோம்."

"அந்தச் சாவி... அவகிட்ட கெடையாதே!"

"கல்யாணமான மறுவாரமே ஒண்ணு செஞ்சு வச்சுக்கிட்டாங்களாம்."

ஜார்லத் மடக்கு நாற்காலியில் சரிந்தார்.

"முப்பது வருஷமாக் கட்டின திருவிழா அட்ராக்டா! தேவதை, பாறை, பஸ்... சிலையையும் வார்த்தாச்சு. வெண்கலத்தை அழிச்சு எழுத முடியுமா? அல்டன்கிட்ட காலையில கெஞ்சினேன். 'என் ஹனோராவை எவளோ தேவதைன்னு சொல்றீங்களே, அவ பேரைச் சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போவுது'ன்னான். அவன் போயிட்டா சாட்சி இல்ல. மாஸ்டரைப் பேசிச் சரிக்கட்டிடலாம்..."

"கெஞ்சப் போனவர் பாக்கெட்டுல தந்தி எதுக்கு?"

ஜார்லத் சட்டைப்பையிலிருந்த கமிட்டி வில்லையைக் கழற்றினார்.

அப்போது மைக் கரகரத்தது.

மந்திரி வரும் முன்பே மாஸ்டர் ஃபாக்ட்னா மேடையேறிவிட்டார். சூட்டுக்குக் கீழே இன்னும் அதே வீட்டுச் செருப்பு.

"பாறையில தேவதை ஒண்ணும் வாசிக்கல," என்றார். "ஹனோரா குசாக் வாசிச்சா. கோழிக்கூண்டுக்குப் போய் வெறுங்கையோட திரும்பி வந்த ஒரு காலையில கட்டின டியூன் இது. அவ வச்ச பேரு 'இன்னிக்கும் முட்டை இல்ல'."

யாரோ சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணாவது பகுதியை அவ புருஷன் அல்டன் எனக்குச் சொல்லிக் குடுத்தான். நீங்க யாரும் கேட்டிருக்க மாட்டீங்க."

வாசித்தார்.

மூன்றாவது பகுதி வந்தபோது சதுக்கத்தில் குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. குடையில் விழும் மழைச் சத்தம் இடைஞ்சலாக இருந்ததாம். காரிலிருந்து இறங்கிய ஓஷின் வெள்ளி ஜாக்கெட் நனைய நின்றான். அக்கார்டியன்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். யாரும் கூட வாசிக்கவில்லை.

டியூன் முடியும்வரை அட்ராக்டாவும் அசையவில்லை. கிளேர்க்காரிதானே!

பிறகு விலங்கை எடுத்தாள்.

"கிளம்பலாமா சேர்மன்? வெளியே டிவிக்காரங்க நிக்கிறாங்க."

ஜார்லத் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்களில் உயிர்ப்பயம்!

"அட்ராக்டா... உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். கொலைன்னு சொல்லு. திட்டம் போட்டுக் கொன்னேன்னு சொல்லு. ஆயுள் தண்டனைகூட வாங்கிக் குடு. ஆனா அலமாரியில என்ன இருந்துச்சுன்னு மட்டும் வெளியே சொல்லிடாதே! பத்தொன்பது வயசு... மலிங்கார் டான்ஸ் ஹால்ல... ரோஸ் கலர் சாட்டின் கோட்டு போட்டுக்கிட்டு... ஏதோ அறியாத வயசு!"

அட்ராக்டா யோசித்தாள். அவள் இளகிய மனசுக்காரி. எவ்வளவோ முயன்றாள்.

பலிக்கவில்லை.

மறுநாள் மாவட்டப் பத்திரிகையில் முதல் பக்கம், கொட்டை எழுத்தில்...

'திருவிழா சேர்மன் பேஸ் கிட்டார் வாசித்தவர்! கில்மோரன் மக்கள் கண்ணீர்!'

கொலை, ஏழாம் பக்கத்தில், ஆட்டுச்சந்தை நிலவரத்துக்குக் கீழே இருந்தது.